தனியே ஆடினால் புது டிராக், இரண்டு பேர் ஆடினால் பழைய டிராக்: என் அனுபவம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் 2008-இல் வந்த மரியோ கார்ட் வீ (நின்டெண்டோவின் வீ கருவியில் ஆடும் ரேஸ் கேம்) இன்னும் ஓடுகிறது. அதில் இருப்பது 32 டிராக்தான், ரசிகர்கள் செய்த டிராக்குகளோ எண்ணி மாளாது. டிஸ்க்கைத் தொடாமல், மாற்றிய ஃபைலை கேமில் ஏற்றும் ரீவல்யூஷன் (Riivolution) என்ற புரோகிராம் வழியாக, மெமரி கார்டிலிருந்து அப்படி ஒன்றை கேமில் உள்ள லூயிஜி சர்க்யூட் என்ற டிராக்கின் இடத்தில் போட்டேன், தனியே ஓட்டினால் அருமையாக வந்தது. மறுநாள் தென்காசியிலிருந்து சித்தி மகன் வந்தான், திரையை இரண்டாகப் பிரித்து ஆட உட்கார்ந்தோம். "அண்ணே, இது பழைய ரோடுல்லா?" என்றான். பழையதேதான்.

கார்டைக் கழற்றி மாட்டினேன், ஃபைலைத் திரும்ப இறக்கினேன், ஒரு சாயங்காலமே போச்சு. அப்புறம் கேமின் ரேஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கோர்ஸ் ஃபோல்டரை நிதானமாகப் பார்த்தால், ஒவ்வொரு டிராக்குக்கும் இரண்டு ஃபைல். லூயிஜி சர்க்யூட்டுக்கு, பிகினர்_கோர்ஸ்.எஸ்இசட்எஸ் (beginner_course.szs) ஒருவர் ஆடுவதற்கு, பிகினர்_கோர்ஸ்_டி.எஸ்இசட்எஸ் (beginner_course_d.szs) திரையைப் பிரித்து ஆடுவதற்கு. நான் முதலாவதை மட்டும்தான் மாற்றியிருந்தேன். அதையே நகலெடுத்து, பெயரில் அந்த _டி-யைச் சேர்த்துப் பக்கத்தில் போட்டேன், சரியாகிவிட்டது. டிராக் கனமாக இருந்தால் இரண்டு பேர் ஆடும்போது கொஞ்சம் திணறும், அதனால் சின்ன டிராக்காக எடுங்கள். தம்பி அன்று ராத்திரி சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.