வீட்டுக் கடனில் மனைவியின் கையெழுத்தும் சிபிலும்

அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சாஸ் உட்பட 9 மாநிலங்களில், கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் சொந்தம். அங்கே எஃப்.ஹெச்.ஏ. எனும் அரசுக் காப்பீடு உள்ள வீட்டுக் கடன் கேட்டால், கடனில் சேராத துணையின் பாக்கியையும் கணக்கில் சேர்ப்பார்கள். நம் ஊரில் அந்தச் சட்டம் இல்லை. கணவர் வாங்கிய கடன் மனைவி தலையில் தானாக ஏறாது. கையெழுத்துப் போட்டால்தான் ஏறும்.

மனை அழகாபுரத்தில் மனைவி பெயரில், வருமானம் கணவரின் கொலுசுப் பட்டறையில். சேலத்தில் இப்படி வரும் ஃபைல்கள் ஏராளம். மனையை அடமானம் வைக்க உரிமையாளர் கையெழுத்து கட்டாயம். வங்கிகள் அவரைக் கூட்டு விண்ணப்பதாரராகவும் சேர்க்கச் சொல்லும். பத்திரம் கணவர் பெயரில் மட்டும் இருந்தால் நிலைமை வேறு. கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்திடும் மனைவிக்குக் கடன் முழுதும் பொறுப்பு, வீட்டில் பங்கு இல்லை, வட்டிக்கு வரிச்சலுகையும் இல்லை. ஜாமீன் கையெழுத்தைச் சும்மா சாட்சி என்று நினைப்பவர்கள் அதிகம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128 படி ஜாமீன்தாரர் பொறுப்பும் கடனாளி பொறுப்புக்குச் சமம். ஆகவே பெயருக்கு மேலே என்ன அச்சாகியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

ஃபைல் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இருவரின் கடன் ரிப்போர்ட்டையும், அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாற்றையும், எடுத்துவிடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். சொந்த ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் கடன் ஸ்கோர் குறையாது. அம்மாபேட்டைப் பக்கம் மகளிர் குழுக் கடன் வாங்கியவர்கள் ஹைமார்க்கை விடாமல் பாருங்கள். கட்டி முடித்த கடன் அங்கே இன்னும் நிலுவையாக நிற்கலாம்.

அடுத்தது இனிஷியல். பான் கார்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்றால் பதிவுகள் ஒருவர் பெயரில் சேராமல் சிதறும். வேறொருவர் கடன்கூட உங்கள் கணக்கில் வந்து உட்காரலாம். முதலில் இரண்டிலும் இனிஷியலை ஒன்றாக்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

தவறு இருந்தால் கடன் கொடுத்த இடத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ‘செட்டில்டு’ (ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்தது) என்று இருந்தால் அது ‘குளோஸ்டு’ (முழுதும் கட்டி முடித்தது) ஆகாது. தள்ளுபடி போன மீதியைக் கட்டி, ‘குளோஸ்டு’ என்று மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கடனில் சேராத மனைவியின் பான் நம்பரை ஏஜென்ட் ‘சும்மா பார்க்க’க் கேட்டால் கொடுக்காதீர்கள். கடனுக்கென்று எடுக்கும் ஒவ்வொரு விசாரணையும் அவர் ரிப்போர்ட்டில் பதிவாகும். ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் தகவல் வரும். அது கணவர் செல்லுக்குப் போகாமல், அவரவர் நம்பரையே பதிந்து வையுங்கள்.