எடைக் குறைப்பில் முன்னேற்றம்: கையைக் கடிக்காத பரிசுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எடையைக் குறைக்கத் தொடங்கும் ஒவ்வொருவரும் என்ன சாப்பிடுவது, எவ்வளவு நடப்பது என்று திட்டம் போடுகிறார்கள். ஆனால் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து, முதல் ஆர்வம் தணிந்து எடையும் மெதுவாகவே இறங்கும்போது, எது தங்களைத் தொடர வைக்கும் என்பதைப் பெரும்பாலோர் முன்கூட்டி யோசிப்பதில்லை. நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் சிறு பரிசு கைகொடுப்பது அந்தக் கட்டத்தில்தான். அதற்கு நிறையச் செலவாகும் என்று தயங்க வேண்டாம். எதைச் செய்தால் பரிசு கிடைக்கும் என்பது தெளிவாக இருக்க வேண்டும்; செய்து முடித்த சூட்டோடு சூடாக அது கைக்கு வர வேண்டும். ஒரு பரிசின் வலிமை பெரும்பாலும் இந்த இரண்டில் அடங்கியிருக்கிறது, இரண்டுக்குமே பணம் தேவையில்லை. கீழே உள்ள படிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், உங்களுக்கான திட்டத்தை இன்றே எழுதிவிடலாம்.

படி 1: எதற்குப் பரிசு என்பதை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். எடை இயந்திரம் காட்டும் எண்ணுக்குப் பரிசு வைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் அந்த எண் கொழுப்பை மட்டும் அளப்பதில்லை. உடல் சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளின் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய 3 கிராம் நீர் சேர்ந்தே தங்குகிறது. முந்தின நாள் உணவில் உப்பு கூடினாலும், மாதவிடாய் நெருங்கினாலும், மலச்சிக்கல் இருந்தாலும், கடுமையான பயிற்சிக்குப் பின் தசைகளில் நீர் கோத்தாலும் எடை ஏறும். ஓரிரு நாளில் 1 கிலோ, சிலருக்கு 2 கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பானது. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதால், ஒரே இரவில் கூடிய ஒரு கிலோ கொழுப்பாக இருக்க வாய்ப்பே இல்லை.

திங்கட்கிழமை காலை எடைக்குப் பரிசு என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த வாரத்தில் பரிசு கைநழுவிப் போகலாம், அசட்டையாக இருந்த வாரத்தில் கிடைத்தும் விடலாம். அதைவிட மோசமாக, எடை பார்ப்பதற்கு முந்தின நாள் பட்டினி கிடக்கவும் தண்ணீரைக் குறைக்கவும் மனம் தூண்டும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் செயல்களுக்கே பரிசு வையுங்கள்.

அந்தச் செயல், செய்தேன் அல்லது செய்யவில்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "ஆரோக்கியமாகச் சாப்பிடுவேன்" என்பதை எந்த நாளும் நமக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ள முடியும். "இரவு 8 மணிக்குப் பிறகு எதையும் கொறிக்க மாட்டேன்" என்பதை அப்படி வளைக்க முடியாது. "வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடப்பேன்" என்பதும் அவ்வகையானதே. பெரியவர்களுக்கு உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் குறைந்த அளவான வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பும் அதிலேயே நிறைவேறிவிடுகிறது. தொடக்கத்தில் இப்படி இரண்டு செயல்கள் போதும். ஏற்கெனவே விரும்பிச் செய்துவரும் செயலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். படம் வரைவதை விரும்பிய சிறு பிள்ளைகளிடம் பரிசு தருவதாகச் சொல்லி வரையச் செய்த 1973ஆம் ஆண்டு ஆய்வில், பின்னர் அவர்களுக்கு அதிலிருந்த இயல்பான நாட்டம் குறைந்திருந்தது.

படி 2: எடைக்குரிய மைல்கற்களைத் தனியாகக் குறியுங்கள்

செயலுக்குப் பரிசு என்றதால் எடையை மறந்துவிட வேண்டியதில்லை, அதற்கான பரிசு அரிதாக வந்தால் போதும். 80 கிலோ எடையுள்ள ஒருவர் 5 விழுக்காடு, அதாவது 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தத்திலும் இரத்தச் சர்க்கரையிலும் நல்ல மாற்றம் தெரிய வாய்ப்புண்டு. எனவே முதல் மைல்கல்லை அங்கே நடலாம். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பொதுவாகப் பாதுகாப்பான வேகம் என்பதால், அவருக்கு இது 4 முதல் 8 வாரப் பயணமாக இருக்கும், அதற்கு மேல் ஆனாலும் தவறில்லை. ஒருநாள் எடையை வைத்து முடிவு செய்யாமல், வாரத்தில் சில நாள் காலையில் பார்த்த எடைகளின் சராசரியைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இடுப்புச் சுற்றளவும் நல்ல மைல்கல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் அளவு நாடாவைச் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடித்த நிலையில் அளந்து, தேதியுடன் எழுதிவையுங்கள். எடை நகராத வாரங்களிலும் இந்த அளவு குறைவதுண்டு. மூச்சிரைக்காமல் மாடிப்படி ஏறுவதையும் இங்கே ஒரு மைல்கல்லாகக் குறிக்கலாம்.

படி 3: பரிசுப் பட்டியலை எழுதுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, நாள், வாரம், மைல்கல் என்று தலைப்பிடுங்கள். நாள் பரிசுக்குச் செலவே இருக்கக் கூடாது. வாரப் பரிசுக்கு நேரம் மட்டும் செலவாகட்டும். மைல்கல்லுக்குச் சிறிது பணம் ஒதுக்கலாம்.

நாள் பரிசைத் தேர்ந்தெடுக்க டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த கருத்து மிகவும் உதவும். ஒருவர் தானாகவே நாடிச் செய்யும் செயலை, அவர் அவ்வளவாக நாடாத செயலுக்கு ஊக்கியாகப் பயன்படுத்தலாம் என்பதே அது. எனவே புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. நீங்கள் தினமும் ஆசையாகச் செய்யும் ஒன்றைப் பிடித்து, நடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் போதும். மாலையில் தொடரின் அடுத்த பகுதியைப் பார்ப்பது வழக்கமென்றால், நடந்து முடித்த நாளில் மட்டும் அதைப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகவே சேர்த்தும் செய்யலாம். கேத்தரின் மில்க்மேன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடிந்தவர்கள் தொடக்க வாரங்களில் மற்றவர்களைவிட அடிக்கடி அங்கே வந்தார்கள். நடக்கும்போது மட்டும் கேட்பதற்கென்று ஒரு ஒலிநூலையோ பாட்காஸ்டையோ ஒதுக்கிவைப்பது இதே முறைதான்.

வாரப் பரிசுக்கு உங்களுக்கே உரிய நேரத்தைப் போல மதிப்புள்ளது வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். கைப்பேசியை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் நூலகத்தில் இருப்பது, நெடுநாள் பேசாத நண்பருடன் ஒரு நீண்ட உரையாடல், கிடப்பில் போட்ட தையலையோ ஓவியத்தையோ கையில் எடுப்பது, வீட்டு வேலை ஒன்றை அந்த வாரத்துக்கு மட்டும் குடும்பத்தில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது ஆகியவற்றுக்கெல்லாம் காசு வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு சீட்டுகளில் இவற்றை எழுதி ஒரு டப்பாவில் போட்டு, வாரக் கடைசியில் ஒன்றை எடுத்தால், எது வரும் என்று தெரியாததே ஆவலைக் கூட்டும்.

எழுதிய ஒவ்வொன்றையும் பார்த்து, இதை எப்படியும் செய்யத்தானே போகிறேன் என்று கேளுங்கள். ஆம் என்றால், நிபந்தனை நிறைவேறாத நாளில் அதை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொள்ளுங்கள், இல்லையேல் அடித்துவிடுங்கள். அதே வேளையில் தூக்கம், ஓய்வு, மருத்துவம், பிள்ளைகளுடன் செலவிடும் நேரம் போன்றவற்றுக்கு நிபந்தனை போடவே கூடாது. அவை உங்களுக்கு உரியவை, சம்பாதித்துப் பெற வேண்டியவை அல்ல.

படி 4: உணவைப் பரிசாக வைக்காதீர்கள்

அரை மணி நேர வேக நடையில், உடல் எடையைப் பொறுத்து, ஏறக்குறைய 100 முதல் 200 கலோரிதான் செலவாகிறது. ஒரு சிறு தின்பண்டமே அதை ஈடுகட்டிவிடும். ஆயினும் கலோரிக் கணக்கைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. விருப்பமான உணவைப் பரிசாக்கினால், அன்றாடம் சாப்பிடும் நல்ல உணவு தண்டனையாகத் தோன்றத் தொடங்கும். பிடித்த உணவுக்கு உங்கள் வாரத் திட்டத்திலேயே அளவான இடம் கொடுங்கள். நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது அங்கே இருக்கட்டும். உணவு குறித்த கோளாறுகள் முன்பு இருந்தவர்களும், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கலந்தபின் இலக்கு வைப்பது அவசியம்.

படி 5: மைல்கல்லுக்கான பணத்தைச் சேருங்கள்

மூடியுள்ள ஒரு டப்பாவை எடுத்து, செயலை முடித்த ஒவ்வொரு நாளும், உங்கள் செலவுக்குச் சற்றும் உறுத்தாத ஒரு சிறு தொகையை அதில் போடுங்கள். மைல்கல்லை எட்டும்போது டப்பாவில் உள்ளதுதான் உங்கள் பரிசின் உச்ச வரம்பு. கடன் வாங்கியோ தவணையிலோ பரிசு வாங்காதீர்கள்.

அந்தப் பணத்தை, பயணத்தை எளிதாக்கும் பொருளுக்குச் செலவிடுவது நல்லது. நல்ல காலுறை, வியர்வை உறிஞ்சும் சட்டை, குதித்துப் பழகக் கயிறு, தண்ணீர்ப் புட்டி போன்றவை அதிகச் செலவு வைக்காதவை. ஆடை விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. இன்னும் எட்டாத அளவில் உடை வாங்கி அலமாரியில் மாட்டிவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது திறக்கும்போதெல்லாம் குறையை நினைவூட்டும். தளர்ந்துபோன பழைய உடையைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைப்பது குறைந்த செலவில் முடியும், அதை அன்றே உடுத்தவும் முடியும்.

படி 6: பதியுங்கள், உடனே கொடுங்கள்

செயல் முடிந்ததும் நாட்காட்டியில் ஒரு குறி இடுங்கள், பரிசை அன்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நடப்பேன் என்று இன்றே பரிசை முன்பணமாக எடுக்காதீர்கள். ஒரு நாள் தவறினால் அன்றைய பரிசு இல்லை, அதோடு கணக்கு முடிந்தது. தண்டனையாகப் பட்டினியோ இரட்டிப்புப் பயிற்சியோ வேண்டாம். வாரத்துக்கு 5 நாள் என்று வைத்திருந்தால் 4 நாளுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் முன்பே எழுதிவைப்பது, ஒரு நாள் தவறியவுடன் வாரத்தையே கைவிடும் மனநிலையைத் தடுக்கும்.

படி 7: மாதம் ஒருமுறை மாற்றுங்கள், மெல்லக் குறையுங்கள்

மேலே சொன்ன ஒலிநூல் ஆய்விலும் பலன் நாளடைவில் மங்கியது. நீண்ட விடுமுறைக்குப் பின் அது பெரிதும் மறைந்தது. ஆகவே மாதக் கடைசியில் பட்டியலைப் பார்த்து, சலித்துப்போன பரிசுகளை மாற்றுங்கள். எடை குறைத்தவர்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், 16 வாரங்களில் அவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் குறைத்தார்கள், பணம் நின்றபின் குறைந்ததில் ஒரு பகுதி திரும்பிவிட்டது. பரிசைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாக விலக்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் பழக்கமாகப் படிவதற்கு எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாள் வரை விரிந்திருந்தது. யோசிக்காமலேயே கால்கள் நடைக்குக் கிளம்பும் நிலை வந்ததும், அந்தச் செயலின் நாள் பரிசை வாரத்துக்கு ஒன்றாகவும், பிறகு மாதத்துக்கு ஒன்றாகவும் குறைத்து, விடுபட்ட இடத்தை இன்னும் கடினமாக இருக்கும் வேறொரு செயலுக்குக் கொடுங்கள். இலக்கு எடையை அடைந்தபின் நோட்டில் ஒரு புதிய பக்கம் திறந்து, அந்த எடைக்கு மேலும் கீழும் 2 கிலோ எல்லைக்குள் ஒரு மாதம் முழுவதும் இருந்தால் ஒரு மைல்கல் பரிசு என்று எழுதிக்கொள்ளுங்கள்.