கோழிக்குஞ்சு பார்க்கிறவன் கழுகுக்குஞ்சு பார்க்கும் விதம்

பல்லடம் பக்கம் ஐயாயிரம் குஞ்சு விடுகிற ஷெட் என்னுடையது. பதினெட்டு வருசமாக பிராய்லர். கழுகோ பருந்தோ, எங்கள் ஊரில் எல்லாம் குஞ்சு திருடன்தான். நான் முதல்முறை போனில் கழுகுக் கூட்டைப் போட்டு உட்கார்ந்தபோது, "குஞ்சு தூக்குற பிராந்த காசு போட்டுப் பாக்கறயா சாமி?" என்று கேட்டார் எங்கம்மா. இப்போது சாயங்காலம் ஆனால் போனைத் தேடுவதே அவர்தான்.

பார்க்க ஆசைப்பட்டால் முதலில் ஒரே ஒரு கூட்டைப் பிடியுங்கள். யூடியூபில் 'பால்ட் ஈகிள் நெஸ்ட் லைவ்' என்று தேடினால் நிறைய வரும். வெண்தலைக் கழுகு என்று தமிழில் சொல்கிற பறவை அது. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தலைகள்தான் மிஞ்சும். நான் பிடித்தது கலிபோர்னியாவில் பிக் பேர் ஏரிப் பக்கம் இருக்கும் ஜாக்கி, ஷேடோ ஜோடியை. பைன் மரத்தில் 145 அடி உயரத்தில் கூடு. 'ஃப்ரண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி' என்ற அமைப்பு கேமரா வைத்திருக்கிறது. ஒன்று கூட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று மரத்தையும் ஏரியையும் சேர்த்துத் தூரத்திலிருந்து காட்டும். பத்து நாள் பார்த்தால் ஜோடியில் எது எது என்று பிடிபடும். பெரிய உடம்பு பெட்டைக்கு, சின்ன உடம்பு ஆணுக்கு. நம் சேவல் கணக்குக்கு நேர் எதிர்.

நேரம் நமக்குத் தோதானதுதான். குளிர்காலத்தில் கலிபோர்னியா நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால்; மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு அப்புறம் பன்னிரண்டரை. ஆகவே நமக்கு ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு அங்கே விடியும். ஷெட்டில் கடைசித் தீவனம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய காலைத் தீனி ஆரம்பமாகும். அங்கே இருட்டினாலும் அகச்சிவப்புக் கேமராவில் கருப்பு வெள்ளையாகத் தெரியும். புளோரிடாக் கூடுகளில் மார்கழி, தை மாதமே குஞ்சு வந்துவிடும். ஜாக்கி முட்டையிடுவது பெரும்பாலும் தையில்.

முட்டை பொரிய ஏறக்குறைய 35 நாள். கோழிக்கு 21. என் ஷெட்டில் ஒரு பேட்ச் வந்து, வளர்ந்து, லாரி ஏறுகிற நேரம் அங்கே முட்டைக்குள்ளேயே போய்விடும். அந்த 35 நாளில் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடைகாக்க ஜோடியில் ஆள் மாறுவதைப் பாருங்கள். வந்த கழுகு நகங்களை உள்ளே மடக்கி, முஷ்டி மாதிரி ஆக்கிக்கொண்டு முட்டைப் பக்கம் நடக்கும். மீன் கிழிக்கிற அதே கால். அப்புறம் உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, வயிற்றுத் தோல் முட்டையில் படும்படி உட்காரும். அந்த ஆட்டத்தைப் பார்த்ததும், "அடைக்கோழியேதான்" என்று அம்மா கையைத் தட்டினார்.

சில வருசம் கூமுட்டையாகவும் போகும். 2024-இல் மூன்று முட்டை இட்டும் ஒன்றுகூடப் பொரியவில்லை. நாள் தாண்டியும் இரண்டும் விடாமல் அடைகாத்தன. நம் வீட்டுக் கோழியென்றால் முட்டையை எடுத்துவிட்டுத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி விரட்டியிருப்போம். அங்கே யாரும் ஏற மாட்டார்கள்.

குஞ்சு வந்ததும் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் கழுத்துக்குக் கீழே தீனிப்பையைப் பாருங்கள். ஷெட்டில் நான் குஞ்சைப் பிடித்துத் தடவிப் பார்ப்பதும் அதைத்தான். சாப்பிட்ட கழுகுக்குஞ்சுக்கு அங்கே எலுமிச்சங்காய் வைத்தாற்போல் புடைத்திருக்கும். பெரியது சின்னதைத் தலையில் கொத்தும். அதற்குப் பதறாதீர்கள், சின்னதற்கும் தீனிப்பை நிறைந்திருந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். தாய் மீனை நார் நாராகக் கிழித்து, தலையைச் சாய்த்து, அலகு நுனியில் நீட்டும். மீன் இல்லாத நாளில் ஒரு கருப்புப் பறவை இரையாக வரும். நம் நஞ்சராயன் குளத்தில் நீந்துகிற நாமக்கோழிக்கு அமெரிக்கச் சொந்தம் அது.

தீனிக்கு அடுத்தது சூடு. முதல் இரண்டு வாரம் அந்தக் குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது. தாயோ தகப்பனோ மேலே உட்கார்ந்தே ஆக வேண்டும். 2025 மார்ச்சில் மூன்று குஞ்சும் பொரிந்தன. மாத நடுவில் ஒரு பனிப்புயல் ராத்திரி, விடிந்தபோது இரண்டுதான். அதற்கு முந்தின வருசம்தான் நான் போனில் ஜாக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் ஷெட்டில் குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற புரூடர் பல்பு போனதைக் கவனிக்கவில்லை. குஞ்செல்லாம் மூலையில் குவிந்து அறுபதுக்கு மேல் போய்விட்டது. அதனால் பனிப்புயலைப் பார்த்துவிட்டு, கேமரா வைத்தவர்கள் ஏன் காப்பாற்றவில்லை என்று கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஷெட்டுக்குள் போன் எடுத்துப் போவதில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் காட்டுகிறவர்கள், புயல் அடித்த மறுநாள் முதலில் தாங்கள் மட்டும் பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கு, ஐந்து வாரத்தில் சாம்பல் பஞ்சுக்குள்ளிருந்து கரிய இறகு குத்திக்கொண்டு வரும். தலை வெளுக்க நான்கைந்து வருசம் ஆகும் என்பதால், இது வேறு ஜாதியோ என்று குழம்ப வேண்டாம். பத்து வாரத்துக்கு மேல் இறக்கையை விரித்துக் கூட்டுக்குள்ளேயே எம்பி எம்பிக் குதிக்கும். அந்த வாரங்களில் தூரக் கேமராவுக்கு மாறிக்கொள்ளுங்கள். பனிப்புயலில் பிழைத்த, சன்னி, கிஸ்மோ என்று பேர் வைத்த அந்த இரண்டும் ஜூன் தொடக்கத்தில் பறந்தன.

பறந்ததும் மூடிவிட வேண்டாம். மீனுக்காகக் கூட்டுக்கே திரும்பி வந்து கத்தும். அதுவும் நின்ற பிறகு, மாதக்கணக்கில் வெறும் குச்சிதான் தெரியும். எங்கம்மா அதையும் போடச் சொல்கிறார்.