தசரா விடுமுறையில் சிறு குழந்தைகளோடு கொலு வைப்பது

பெங்களூரில் தசரா விடுமுறையும் நவராத்திரியும் சேர்ந்தே வருவதால், கொலுவைப் பெரியவர்களின் அலங்காரமாக விட்டுவிடாமல் வீட்டுக் குழந்தைகளின் வேலையாகவே மாற்றிவிடலாம்.

அடுக்குமாடி வீட்டுக் கூடத்துக்கு மூன்று படிகள் போதும். படிகளைச் சுவரோடு ஒட்டி, அசையாதபடி கட்டிய பிறகே துணியை விரியுங்கள். தொங்கும் விளிம்பைத் தவழும் குழந்தை பிடித்து இழுக்கும் என்பதால், அதை உள்ளே மடித்துவிடுங்கள். மரப்பாச்சியையும் களிமண் பொம்மைகளையும் மேற்படிகளில் வைத்துவிட்டு, கீழ்ப்படியை முழுவதும் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். பெங்களூருக்கு அருகிலுள்ள சன்னபட்டணா ஊரில் கடைசல் பிடித்து அரக்கு பூசிய மரப் பொம்மைகள் விழுந்தாலும் எளிதில் உடையாது என்பதால் அந்தப் படிக்கு அவையே மிகவும் பொருந்தும். சிறு பாகங்கள் கழன்று வராதவையாகப் பார்த்து வாங்குங்கள். அவர்கள் நாள்தோறும் வரிசையை மாற்றினாலும் தயவுசெய்து திருத்தாதீர்கள், ஏனெனில் அந்தப் படி அவர்களுடையது.

சுண்டலுக்காக இரவில் கொண்டைக்கடலையை அளந்து தண்ணீரில் போடுவதும், காலையில் அது ஊறிப் பெருத்திருப்பதைப் பார்ப்பதும் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் முழுக் கடலை சிறு குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் குழைய வேகவைத்து, மசித்தே கொடுங்கள். விளக்கு அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கன்னடக் குடும்பங்களும் ராஜா ராணிப் பொம்மைகளை நடுவில் நிறுத்திப் பொம்மை வைப்பதால், மாலைக்கு ஒரு வீடு என்று அழைத்துச் செல்லுங்கள். அதற்கு மேல் குழந்தைகள் களைத்துவிடுவார்கள். விஜயதசமியன்று தட்டில் பச்சரிசியைப் பரப்பி, விரல் பிடித்து எழுத வைக்கும்போது குழந்தை அழுதால், வற்புறுத்தாமல் நிறுத்திவிட்டு, பசியாறிய பிறகு மீண்டும் உட்கார வையுங்கள்.