ஊரார் சேர்ந்து வைக்கும் அருங்காட்சியகம்: பதிவேட்டை எப்படி எழுதுவது

1870இல் நியூயார்க் நகரத்தார் சிலர் கூடி மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது, அவர்களிடம் கட்டடமும் இல்லை, ஒரு படமும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் முதல் பொருளாக ரோமானியர் காலத்துக் கல் சவப்பெட்டி ஒன்று வந்தது. அதற்கு இட்ட எண் 70.1, அதாவது 1870இன் முதல் வரவு. இன்றும் அதே எண்தான். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இப்படி ஒன்றைத் தொடங்குகிறவர்கள் கண்ணாடி அலமாரிக்கு முன்பே ஒரு பதிவேடு வாங்குங்கள்.

தைத்துக் கட்டிய, பக்க எண் அச்சிட்ட நோட்டு வேண்டும். தாள் கழற்றிச் செருகும் ஃபைல் உதவாது. எண், வந்த தேதி, பொருள், செ.மீ.யில் அளவு, கொடுத்தவர், எந்த ஊர், எப்போதுவரை புழங்கியது, இப்போதைய நிலை என்று கட்டம் போடுங்கள். பிழை வந்தால் ஒரே கோடாக அடித்துக் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை பூசக் கூடாது. ஆண்டை முழுதாக 2026.1 என்றே எழுதலாம். இரண்டு இலக்கம் நூறாண்டில் குழப்பிவிடும். கூத்து ஜமா (கூத்தாடும் குழு) ஒன்று பழைய கட்டைகளை, அதாவது மரத்தால் செய்த வேட அணிகளை, மொத்தமாகக் கொடுத்தால் அது ஒரே வரவு: கிரீடம் 2026.4.1, புஜக்கட்டை 2026.4.2. திருப்பிக் கொடுத்த பொருளின் எண்ணை வேறொன்றுக்கு வைக்காதீர்கள். தானமா இரவலா என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வரும் பேரன்மார் சண்டைக்கு அதுதான் மருந்து.

எண்ணைப் பொருளின் மேல் எழுதுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். திருகை, மாட்டு மணி போன்றவற்றுக்கு: 100 மி.லி. அசிட்டோனில் 20 கிராம் பாரலாய்டு பி-72 (ஒருவகை அக்ரிலிக் பிசின்) மணிகளைத் துணியில் முடிந்து, மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஓர் இரவு தொங்கவிட்டால் கரையும். கண்ணில் படாத, உரசாத இடத்தில் விரல்நகம் அளவு பூசி, காய்ந்ததும் கறுப்பு நிறமி மையால் 3 மி.மீ. உயரத்தில் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. அடிப்பூச்சில்லாமல் மண்பானையில் எழுதினால் மை உள்ளே இறங்கிவிடும். நகப்பூச்சு மஞ்சளித்து உரியும். வண்ணமும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய கூத்துக் கட்டையில் அசிட்டோன் பட்டால் வண்ணமே கரையும். அதற்குப் பருத்தி நூலில் எண் எழுதிய அட்டை கட்டுங்கள். துணிக்கு எண் எழுதிய நாடாவைத் தையல் போடுங்கள், காகிதத்துக்குப் பின்புறம் 2பி பென்சில். பித்தளையைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்.

மண்ணைத் தோண்டும்போது கிடைத்ததென்றால் பதிவேட்டுக்கு முன் ஆட்சியர் அலுவலகம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நடுகல்லைக் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். நம் பக்கம் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற சாமியாகப் பூசை வாங்கிக்கொண்டிருப்பவை. கும்பிடுகிறவர்களிடம் கேட்டுவிட்டு மைப்படி (கல்லெழுத்தைத் தாளில் மையால் எடுக்கும் படி) எடுங்கள், அதற்கும் வரவு எண் உண்டு. கல்லை நார்த் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக் குழிகளில் படியத் தூரிகையால் தட்டி, தாள் அரைகுறையாகக் காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பொதியால் மெல்ல ஒற்ற வேண்டும். ஈரம் மிகுந்தால் மை கல்லில் ஊறும். எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லில் தாள் நிற்காது. இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழும்பும், படமெடுத்துவிடலாம். படியின் பின்னால் ஊர், தேதி, கல் பார்த்திருக்கும் திசை மூன்றையும் அங்கேயே பென்சிலால் குறியுங்கள்.