ஐம்பது பிளஸ் டோர்னமென்ட்: அட்டவணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், லிங்கராஜபுரம், ஸ்ரீராம்புரம் பக்கமெல்லாம் நம்ம ஆட்கள் டென்னிஸ் பால் கிரிக்கெட் டோர்னமென்ட் நடத்தக் கிளம்பிவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கென்றே தனியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் புதிதாகப் பொறுப்பெடுத்த தம்பிகள் அட்டவணையை அனுப்பி, “அண்ணா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்று கேட்கும்போதெல்லாம், ஆரம்ப காலத்தில் நாங்கள் செய்த அதே பிசகுகள் அதே இடத்தில் இருக்கின்றன. கிரவுண்டை முன்கூட்டியே புக் பண்ணுங்கள், பந்தைக் கூடுதலாக வாங்கி வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பையன்கள் கணக்கில் நேரம் போடுவது

ஆறு ஓவர் மேட்சைக் கல்லூரிப் பையன்கள் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். ஐம்பது பிளஸ் என்றால் முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பந்து சாக்கடைப் பக்கம் போனால் யாரும் ஓடிப்போய் எடுத்து வர மாட்டார்கள், நடந்துதான் போவார்கள். பௌலர் முழங்காலில் மாட்டிய நீ-கேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த பந்துக்கு வருவார். நடுவில் ரன்னர் வேறு, அதாவது அடிபட்ட பேட்ஸ்மேனுக்குப் பதிலாக ஓட ஒரு ஆள், கேட்பார்கள். சர்வதேசப் போட்டிகளில் ரன்னர் வைப்பதை ஐசிசி 2011-லேயே நிறுத்திவிட்டது. கிரிக்கெட்டின் அடிப்படை விதிகளை எழுதுகிற எம்சிசி கிளப்பின் விதிகளில் அது இன்னும் இருக்கிறது, நமக்கு அதுதான் சரி. ஆனால் யார் ரன்னராக வரலாம், எப்போது கேட்கலாம் என்பதை முதல் நாளே கேப்டன்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிட்ச் நடுவில் நின்று பேசினால் பத்து நிமிடம் போய்விடும்.

காலை ஆறரைக்கு முதல் மேட்ச்

ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்கவே ஆறே முக்கால் ஆகிவிடும். புல்லில் பனி இருக்கும், டென்னிஸ் பந்து ஊறிப்போகும், கால் வழுக்கும். ஏழரைக்கு வையுங்கள்.

பிரிவுக்கு ஒரு பிட்ச்

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை பேரிடம் சொல்லியும் திரும்பத் திரும்ப இதையே செய்கிறார்கள். எனக்கு இன்னும் கோபம் வருகிற விஷயமும் இது ஒன்றுதான்.

எட்டு டீம், ஏ, பி என்று இரண்டு பிரிவு, பிரிவுக்கு நான்கு டீம். மைதானம் பெரியது, இரண்டு பிட்ச் போடலாம். உடனே எல்லோரும் ஏ பிரிவை ஒரு பிட்சுக்கும் பி பிரிவை இன்னொரு பிட்சுக்கும் எழுதிவிடுகிறார்கள். பேப்பரில் பார்க்க அழகாக இருக்கும். ஆடுகிறவர் உடம்புக்கு அது கேடு.

கணக்கைப் பாருங்கள். நான்கு டீமும் ஒன்றோடொன்று ஒரு தடவை ஆடினால் ஆறு லீக் மேட்ச். முதலில் 1-2, அதாவது முதல் டீமும் இரண்டாம் டீமும், ஆடுகிறது. அவர்கள் ஓய்வெடுக்க வேண்டுமென்றால் அடுத்து 3-4 மட்டும்தான் ஆட முடியும். அது முடிந்ததும் நீங்கள் எந்த மேட்சை வைத்தாலும், அதில் 3 அல்லது 4 இருக்கும். அதாவது இப்போதுதான் ஆடி முடித்து வேர்த்து நிற்கிற டீம். ஒரே பிட்சில் இந்த ஆறு மேட்சை எப்படிப் புரட்டிப் போட்டாலும், குறைந்தது இரண்டு தடவை ஏதாவது ஒரு டீம் அடுத்தடுத்து இரண்டு மேட்ச் ஆடியே ஆக வேண்டும். வேறு வழியே கிடையாது.

வழக்கமாகப் போடுகிற வரிசை 1-2, 3-4, 1-3, 2-4, 1-4, 2-3. இதில் மூன்றாம் டீமைப் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் தொடர்ந்து ஆடுகிறார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஆறாவது மேட்சுக்கு எழுந்திருக்க வேண்டும். முதலில் உடம்பு களைத்துப்போகிறது, பிறகு சூடு ஆறி விறைத்துப்போகிறது. இரண்டு தொல்லையும் ஒரே டீமுக்கு.

ஒரு டோர்னமென்டில் நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் டீமின் விக்கெட் கீப்பர், எங்கள் தெருக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலையில் தொடர்ந்து இரண்டு மேட்ச் குனிந்து நிமிர்ந்து கீப்பிங் செய்தார். அப்புறம் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ இட்லிப் பொட்டலம் கொடுத்தார்கள், சாப்பிட்டார், கண்ணைக்கூட அசந்தார். கடைசி மேட்சில் ஓப்பனிங் இறங்கினார். மிட்விக்கெட் பக்கம் தட்டிவிட்டு ஒரு ரன்னுக்குக் கிளம்பினார். நான்கு எட்டு வைத்திருப்பார். இடது கை தொடையின் பின்பக்கம் போனது. மட்டையை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். எதிர் டீம் ரன் அவுட் செய்யவில்லை, ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். ஹாம்ஸ்ட்ரிங் கிழிசல். அவர் மாடிப்படி ஒழுங்காக ஏறவே பல வாரம் ஆனது. போட்டி நடத்தியவரிடம் போய்க் கேட்டேன். “மூணு மேட்ச்தானே அண்ணா, இதுக்கா?” என்றார். மூன்று மேட்ச் எந்த எந்த நேரத்தில் வருகிறது என்பதை அவர் பார்க்கவே இல்லை. கிரவுண்ட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

இதற்குத் தீர்வு சுலபமானது, ஒரு பைசா செலவில்லை. இரண்டு பிட்சையும் ஒரு மணி நேரம் ஏ பிரிவுக்கே கொடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் இரண்டையும் பி பிரிவுக்குக் கொடுங்கள். ஏழரைக்கு ஏ பிரிவின் 1-2, 3-4 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். எட்டரைக்கு பி பிரிவின் 1-2, 3-4. ஒன்பதரைக்கு ஏ பிரிவின் 1-3, 2-4. பத்தரைக்கு பி பிரிவுக்கு அதே மாதிரி. பதினொன்றரைக்கு ஏ பிரிவின் 1-4, 2-3. பன்னிரண்டரைக்கு பி. ஒன்றரைக்கு லீக் முழுதும் முடிந்துவிடும். பழைய முறையிலும் ஆறு மணி நேரம், இதிலும் அதே ஆறு மணி நேரம். ஆனால் எட்டு டீமும் ஒரு மணி நேரம் ஆடி, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்து, மறுபடி ஆடும். மூச்சு வாங்கித் தண்ணீர் குடிக்க அது போதும், உடம்பு ஆறிப்போகும் அளவுக்கு நீளமும் இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. ஏ பிரிவு ஆடும்போது பி பிரிவில் எல்லோரும் சும்மா இருப்பார்கள். அம்பயர், ஸ்கோரர் இரண்டுக்கும் அவர்களிலிருந்தே ஆள் எடுக்கலாம். அந்த மேட்ச் முடிவால் லீக்கில் அவர்களுக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்பதால் சண்டை குறையும்.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிட்சுக்குப் பக்கத்தில் காம்பவுண்டு சுவர் இருந்து பவுண்டரி சின்னதாக இருந்தால், அங்கே ரன் குவியும். ஒரே பிரிவின் மேட்சுகள் இரண்டு பிட்சிலும் நடப்பதால் நெட் ரன் ரேட் (ஓவருக்கு அடித்த ரன்னுக்கும் விட்டுக்கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசம்) கோணலாகும். அதனால் இரண்டு டீம் சமமாக நின்றால், அவர்களுக்குள் நடந்த மேட்சில் யார் ஜெயித்தார்களோ அவர்களை முதலில் எடுங்கள். நெட் ரன் ரேட் அதற்கப்புறம்தான்.

தூரத்தில் இரண்டு கிரவுண்ட்

வேண்டாம். பெங்களூர் டிராஃபிக்கை நம்பி அட்டவணை போட முடியாது.

ஒரே பிட்ச்தான் கிடைத்தது, ஆனாலும் எட்டு டீம்

ஆசைதான் காரணம். ஒரு பிட்ச் என்றால் ஐந்து டீமோடு நிறுத்துங்கள். நான்கு டீமில் முடியாத காரியம் ஐந்தில் முடியும். பத்து மேட்சையும் யாரும் தொடர்ந்து ஆடாதபடி வரிசைப்படுத்தலாம். முதல் ஞாயிறு: 1-2, 3-4, 1-5, 2-3, 4-5. அடுத்த ஞாயிறு: 1-3, 2-4, 3-5, 1-4, 2-5. வேண்டுமானால் விரல் விட்டுச் சரிபாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு டீமுக்கும் சரியாக இரண்டு மேட்ச், நடுவில் ஒன்று அல்லது இரண்டு மேட்ச் இடைவெளி. இரண்டாவது ஞாயிறு மதியம் முதல் இரண்டு டீமுக்கு ஃபைனல்.

வெறும் நாக்-அவுட்

எட்டு டீமில் நான்கு டீம் ஒரே மேட்சோடு வீட்டுக்குப் போய்விடும். இந்த வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அப்படிச் செய்யாதீர்கள்.

காலண்டரைப் பார்க்காமல் தேதி குறிப்பது

பையன்கள் டீமுக்குப் பரீட்சைதான் பிரச்சினை. நம்ம ஆட்களுக்கு முகூர்த்த நாள். தை மாதம் ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் பாதி டீம் ஓசூரிலோ வேலூரிலோ கல்யாண மண்டபத்தில் இருக்கும். சிவாஜிநகர் பக்கம் என்றால் செப்டம்பர் 8 மேரி மாதா திருவிழாவும் அதற்கு முந்தைய ஒன்பது நாள் நொவினா ஜெபமும் இருக்கிறது. அல்சூர் என்றால் ஆடிக் கிருத்திகை. பள்ளிக்கூட கிரவுண்ட் என்றால், அந்த ஞாயிறு அங்கே ஏதாவது போட்டித் தேர்வு மையம் வைத்திருக்கிறார்களா என்று ஆபீசில் கேட்டுவிடுங்கள். ஏப்ரல், மே என்றால் சாயங்கால இடிமழை வரும், அதனால் ஃபைனலை மதியத்துக்குள் முடிக்கிற மாதிரி டீமைக் குறையுங்கள்.

லீக் முடிந்த கையோடு செமி ஃபைனல்

ஒன்றரைக்கு முடித்த பி பிரிவுக்காரர்களை இரண்டு மணிக்கு இறக்காதீர்கள். இரண்டே முக்காலுக்கு இரண்டு செமியும் இரண்டு பிட்சில் ஒன்றாக, நாலேகாலுக்கு ஃபைனல். ஐந்தேகாலுக்கு முடியும். டிசம்பர் கடைசியில் சூரியன் மறைய ஏறக்குறைய ஆறு மணி என்பதால், மேட்ச் கொஞ்சம் இழுத்தாலும் வெளிச்சம் இருக்கும். பிரியாணியைப் பரிசளிப்புக்கு அப்புறம் போடுங்கள். மதியம் தயிர்சாதமும் வாழைப்பழமும் போதும்.

அட்டவணையை ஒரே படமாக அனுப்புவது

வாட்ஸ்அப்பில் வருகிற அந்தப் பொடி எழுத்துக் கட்டத்தைப் பெரிசாக்கிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அப்புறம் காலை ஆறு மணியிலிருந்து “நம்ம மேட்ச் எப்போப்பா?” என்று போன் வரும். ஒவ்வொரு கேப்டனுக்கும் அவருடைய டீமின் மூன்று மேட்சுக்கு மூன்று வரியை மட்டும் தனியாக அனுப்புங்கள், ஒவ்வொன்றிலும் மணி, பிட்ச், எதிர் டீம். அதோடு அம்பயரிங்குக்கு ஆள் அனுப்ப வேண்டிய நேரத்தை நான்காவது வரியாகச் சேர்த்துவிடுங்கள்.