அடிபட்டு தேறி வர்றவங்களுக்கு வேலை பாக்கறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

வண்டில விழுந்தோ மிஷின்ல கை மாட்டியோ மாசக்கணக்குல வீட்ல கெடந்துட்டு திரும்ப வேலைக்கு கெளம்பறப்ப, வந்து பாக்கற ஒறம்பரை எல்லாரும் சொல்றது ஒன்னுதாங்க, "ஏதாச்சும் லேசான வேலையா பாரு கண்ணு". தப்பு அங்கயே ஆரம்பிக்குது. வேலையோட பேர வெச்சு லேசு, கஷ்டம்னு முடிவு பண்ணக்கூடாது. அந்த வேலைல கை என்ன பண்ணுது, கால் என்ன பண்ணுது, எவ்வளவு நேரம் பண்ணுதுன்னு பிரிச்சு பாக்கோணும்.

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனில செக்கிங்னா, அதாவது தெச்ச துணில கொறை இருக்கான்னு பாக்கற வேலைனா, லேசுன்னு நெனப்பாங்க. ஆனா நெறைய கம்பெனில டேபிள் முன்னாடி நின்னுட்டேதான் பீஸ திருப்பி திருப்பி பாக்கோணும், ஒன்றரை ஷிப்ட்னா கிட்டத்தட்ட 12 மணி நேரம், முட்டி ஆபரேஷன் பண்ணுனவங்களுக்கு அது ஆகவே ஆகாதுங்க. சரி உக்காந்து செய்யலாம்னு ஓவர்லாக் தையல் மிஷினுக்கு போனா பெடல மிதிச்சுட்டே இருக்கோணும். தறிப்பட்டறைலயும் இதே கதைதான், தறி ஓட்டறவங்க நாள் பூரா நடந்துட்டே இருப்பாங்க, பாவு பிணைக்கறது, அதாவது தறில பழைய பாவு நூலோட புது நூல சேக்கறது, உக்காந்து செய்யறதுதான், ஆனா இழை இழையா எடுத்து பிணைக்க வெரல் நுனில நல்லா பிடிமானம் வேணும், மணிக்கட்டு ஒடைஞ்சவங்கள அதுல உக்கார வெச்சா ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க மாட்டாங்க. கால் போனவங்களுக்கு ஒத்து வர்ற வேலை கை போனவங்களுக்கு ஒத்து வராது, அவ்வளவுதான். முதுகுல அடிபட்டவங்களுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கி குடுக்கறதும் அப்படித்தான், ராத்திரி பூரா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா முதுகு இன்னும் மோசமா போகும்.

அடுத்தது, டாக்டர் "எலும்பு கூடிருச்சு, வேலைக்கு போலாம்"னு சொன்ன ஒடனே மறுநாளே முழு ஷிப்டுக்கு போறது. எலும்பு கூடறது வேற, பழைய தெம்பு வர்றது வேறங்க. டாக்டருக்கு லேத் வேலைனா என்ன, டையிங்ல, அதாவது சாயப்பட்டறைல, எவ்வளவு ஈரத்துணி தூக்கறாங்கன்னு தெரியாம இருக்கலாம். நீங்கதான் சொல்லோணும், வாயில சொல்றத விட கூட வேலை செய்யறவர ஒரு ரெண்டு நிமிசம் போன்ல வீடியோ எடுத்துட்டு போய் டாக்டர்கிட்டயும் பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் காமிங்க, எத்தன கிலோ, ஒரு நாளைக்கு எத்தன தடவன்னும் எழுதிக்குங்க. பிசியோதெரபிக்கு போக வழியில்லாதவங்க மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசாங்க திட்டத்துல வீட்டுக்கே வந்து பண்ணுவாங்களான்னு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

போற வழிய யாரும் கணக்குல எடுக்கறதில்ல. வேலை உக்காந்து செய்யறதுதான், ஆனா பைக்ல பின்னாடி பிரேக் வலது கால்ல இருக்கு, பஸ் படி ஒசரம், வேலை எடம் ரெண்டாவது மாடி, அப்பறம் எப்படி? நரம்பு வலிக்கு பிரிகாபாலின் மாதிரி மாத்திரை எடுத்தா தூக்கமும் கிறுகிறுப்பும் வரலாம், அதோட வண்டி ஓட்டறதும் மிஷின் முன்னாடி நிக்கறதும் ஆபத்துங்க.

ஈஎஸ்ஐ இருக்கறவங்க நெறைய பேரு பண்ற தப்பு ஒன்னு இருக்கு. வேலைல அடிபட்டு லீவுல இருக்கறப்ப தினக்கூலில 90 சதவீதம் கெடைக்குது, அத வாங்கிட்டே பத்தலன்னு வேற எடத்துல கூலிக்கு போயிருவாங்க. தெரிஞ்சா அந்த காசுக்கே பிரச்சன வரும், பாதி தேறுன ஒடம்பும் திரும்ப படுத்துக்கும். வெரல் போனது, கை மடங்காம நின்னது மாதிரி நெரந்தரமா கொறை இருக்கறவங்க வேலைக்கு போலாம்னு ஈஎஸ்ஐ டாக்டர் குடுக்கற பைனல் சர்டிபிகேட் வாங்குனதோட நின்னுராதீங்க, ஈஎஸ்ஐ மெடிக்கல் போர்டுக்கு எழுதிக்குடுங்க, சம்பாதிக்கற சக்தி எவ்வளவு போச்சுன்னு அவங்க கணக்கு பண்ணி அதுக்கு தக்கன மாசாமாசம் பணம் வரும். வேற வேலைக்கு மாறி சம்பளம் கொறையறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஒதவின்னு வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியா, அப்பாவும் மாமனும் மேனேஜரும் பேசி முடிவு பண்ணிட்டு அடிபட்டவர்கிட்ட "நாளைல இருந்து போ"ன்னு சொல்லாதீங்க. எந்த நேரத்துல வலி ஏறுது, எத தூக்குனா கை நடுங்குதுன்னு அவருக்குத்தான் தெரியும். மொதல்ல அவர கேளுங்க, அப்பறம் ஓனர்கிட்ட ரெண்டு வாரம் அரை நாள் மட்டும் வரட்டுமான்னு கேட்டு பாருங்க.